உங்களுக்குத் தெரியுமா? கடலுக்கு உதவும் கிழங்கு மாவு

● பவளப்பாறையும் சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லும் அடிப்படையில் ஒரே சரக்குதான்: கால்சியம் கார்பனேட். சங்ககிரியில் 1963இல் சிமெண்ட் ஆலை வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். மன்னார் வளைகுடாவிலோ சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையையே வெட்டி எடுத்தார்கள். 2001இல் பவளங்களை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் அதற்குக் கடிவாளம் விழுந்தது.

● தூத்துக்குடி அருகே அரிப்பால் சுருங்கிவந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் துளையிட்ட சரிவக வடிவக் கான்கிரீட் கட்டிகளைக் கடலில் இறக்கினார்கள். வடிவமைப்பில் சென்னை ஐஐடிக்குப் பங்குண்டு. அலையின் வேகம் கட்டியில் மோதித் தணியும். துளைகளில் மீன் அடையும். மேற்பரப்பில் பவளம் பற்றும்.

● ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் சிமெண்ட்டை விட்டுக் களிமண்ணுக்குப் போனார்கள். கணினியில் வரைந்த மடிப்புகளை ரோபோ கை களிமண் திரியாகப் பிழிந்து அடுக்க, சூளையில் சுட்டு எடுத்த 128 ஓடுகளை 2020இல் ஹோய் ஹா வான் கடல் பூங்காவில் பதித்தார்கள். முறுக்கு பிழிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முப்பரிமாண அச்சு புதிதாகத் தோன்றாது.

● பாக் விரிகுடாவில் ஆவுளியா (கடற்பசு) மேயும் கடற்புல்லை மீட்க ஓம்கார் அமைப்பு பயன்படுத்துவது மூங்கில் சட்டமும் தென்னங்கயிறும். புல் வேர்பிடித்ததும் கயிறு மக்கிவிடும். கணினி, அச்சு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. 2022இல் தமிழ்நாடு அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாக அறிவித்தது.

● நட்ட கடற்புல் நாற்று தனித்தனியாக நின்றால் அலை பிடுங்கிப் போய்விடும். கூட்டமாக, வேர் பின்னிக் கிடந்தால்தான் தாக்குப்பிடிக்கும். அந்த வேர்ப்பின்னலைப் போலவே கண்ணி கண்ணியான தட்டுகளை நெதர்லாந்தில் வடிவமைத்தார்கள். மூலப்பொருள் உருளைக்கிழங்கு ஸ்டார்ச். மண்ணுக்குள் புதைத்தால் நாற்றைப் பிடித்துக்கொள்ளும், பிறகு மெல்ல மக்கும். ஸ்வீடனிலும் கரீபியனின் பொனேர் தீவிலும் கடற்புல்லை வைத்துச் சோதித்த முடிவு 2020இல் வெளியானது: தட்டு உள்ள இடத்தில் நாற்று நன்றாகப் பிழைத்தது.

இனி நம் சேலம் பக்கத்துக்கு வருவோம். உருளைக்கிழங்கால் முடிவது குச்சிக்கிழங்கால் (மரவள்ளியால்) முடியாதா? ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மாவெடுத்த பின் மிஞ்சும் திப்பி பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகத்தான் போகிறது. நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் தேடி அலைகிறவர்கள் இதை எடுத்துப் பார்க்கலாம். இந்த மாவுக்கும் கடலுக்கும் முன்பே ஒரு தொடர்பு உண்டு: 1943இல் சேலத்தில் இந்த மாவுத் தொழிலைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாணிக்கம் செட்டியார் கருவாட்டு வியாபாரி!

● ஸ்டார்ச்சிலிருந்து வந்ததெல்லாம் கடலில் கரைந்துவிடும் என்று நம்பவேண்டாம். முப்பரிமாண அச்சில் அதிகம் புழங்கும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையை மக்காச்சோளத்திலோ கரும்பிலோ மரவள்ளியிலோ தயாரிக்கலாம். கலிஃபோர்னியக் கரையில் கடல்நீரில் போட்டுவைத்த பிஎல்ஏ துணி 428 நாள் கழித்தும் சிதையவில்லை என்கிறது 2023இல் வெளியான ஆய்வு. ‘பயோ’ என்று லேபிள் ஒட்டியிருந்தால் எத்தனை நாளில், எங்கே மக்கும் என்று கேளுங்கள்.

● சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் கப்பாபைகஸ் கடற்பாசியிலிருந்து பிளாஸ்டிக் போன்ற தாள் செய்து காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டிலிருந்து வந்த இதே பாசிதான் குருசடைத் தீவில் பவளத்தின்மேல் படர்ந்து மூடியது. அதை அள்ளித் தாளாக்கினால் பவளத்துக்கு இரட்டை லாபம். தாளுக்காகவே மேலும் மேலும் வளர்த்தால்தான் வம்பு.