வாடகை வீட்டின் சாவி கைக்கு வருமுன்...

பாலோ பட்டணத்திலோ அருகிலுள்ள தாமான்களிலோ வாடகைக்கு வீடு தேடும் குடும்பம் முதலில் என்ன கேட்கிறது? வாடகை எவ்வளவு? முன்பணம் எத்தனை மாதம்? பள்ளிக்கூடம் பக்கமா? எல்லாம் தேவையான கேள்விகள்தாம். ஆனால், இந்த வீட்டில் பிள்ளைகள் பயமின்றித் தூங்கலாமா என்ற கேள்வி மட்டும் விட்டுப் போகிறது.

இதற்குக் காரணம் உண்டு. குளுவாங் வட்டாரத் தமிழர்களில் பலர் ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே கூரை ஒழுகினால் தோட்ட ஆபீசில் போய்ச் சொல்லலாம். லயத்து வீடுகளும் சுற்றுப்புறமும் துப்புரவாக உள்ளனவா என்று வாரந்தோறும் பார்வையிட வேண்டிய கடமையை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. தனியார் வாடகை வீட்டில் அப்படி வாசல் தேடி வந்து பார்க்க யாரும் இல்லை. குடியேறுபவரே தம் வீட்டைப் பார்வையிட்டுக்கொள்ள வேண்டும்.

மின்சாரப் பெட்டியை முதலில் பாருங்கள்

மெயின் சுவிட்ச் பெட்டியில் 'டி' என்ற எழுத்திட்ட சிறு பொத்தான் இருக்கும். அது இ.எல்.சி.பி. எனும் மின்கசிவுத் தடுப்பானைச் சோதிக்கும் பொத்தான். அதை அழுத்தியதும் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லையா? உயிர்காக்கும் கருவி வேலை செய்யவில்லை என்று பொருள். அடிக்கடி மின்சாரம் நின்றுபோகும் தொல்லைக்காகச் சிலர் அதை இணைப்பிலிருந்தே விலக்கிவிடுவதுண்டு. அது காய்ச்சலுக்கு மருந்து தராமல் வெப்பமானியை உடைப்பது போன்றது.

குளியலறைச் சுடுநீர்ச் சாதனம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஈரமான உடம்பில் மின்சாரம் எளிதில் பாயும். ஆகவே 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் தனித் தடுப்பான் அதற்கு வேண்டும். பழுது பார்ப்பவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அடுப்படியும் கம்பிக் கதவும்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து தேங்கி நிற்கும். முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற பழைய ரப்பர் குழாயைப் பயன்படுத்த வேண்டாம். சிரிம் முத்திரையுள்ள புதிய குழாயின் விலை சிறிது. அது காப்பதோ குடும்பத்தை. வாடை வந்தால் தோம்பின் வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேற வேண்டும். விளக்கு, விசிறி சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஒரு பொறி போதும்.

திருடனுக்குப் பயந்து எல்லாச் சன்னலுக்கும் இரும்புக் கம்பி போடுகிறோம். தீப்பிடித்தால் அதே கம்பி வீட்டாரைச் சிறை வைத்துவிடுகிறது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை அப்பா தலையணைக்கடியில் வைத்துக்கொண்டால், அடுத்த அறையில் தூங்கும் பாட்டி என்ன செய்வார்? சாவிக்கு உள்ளே ஓர் ஆணி, எல்லாரும் அறிந்த இடத்தில் இருக்கட்டும். சிறுபிள்ளையும் இருட்டில் எடுத்துத் திறக்கப் பழகட்டும். வெளியேறிய பிறகே 999க்கு அழைப்பு.

வெள்ளம் வந்த வீடா?

2006 டிசம்பர் முதல் 2007 ஜனவரி வரையிலும், மீண்டும் 2023 மார்ச்சிலும் ஜொகூரை வெள்ளம் சூழ்ந்தபோது குளுவாங் மாவட்டமும் தப்பவில்லை. தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். சுவர்க் கறையும் சொல்லும். மழைநீர் வாசலை நெருங்கும்போதே, கால் நனையுமுன், மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

எழுத்தில் இருக்கட்டும்

"ரிப்பேர் கேட்டால் வீட்டை விட்டுப் போகச் சொல்வாரோ?" இந்த அச்சம்தான் பலர் வாயை அடைக்கிறது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 7(2) பிரிவுப்படி, வாடகைக் காலம் முடிந்த பின்னும் தங்கியிருப்பவரைக்கூட நீதிமன்ற உத்தரவின்றி வீட்டுக்காரர் தாமாக வெளியேற்ற முடியாது. அதற்காக மோத வேண்டியதில்லை. சாவி வாங்கும் நாளிலேயே உள்ள குறைகளைப் படமெடுத்து, எதை யார் சரிசெய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதி, முத்திரைத் தீர்வை கட்டிவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு இராது.

புதுவீட்டில் பால் காய்ச்சுவது நம் வழக்கம். அடுப்பைப் பற்றவைக்குமுன் குழாயைப் பார்த்து, அந்தப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வந்தபின் வருந்துவதைவிட வருமுன் காப்பதே மேல்.