ஆந்தையும் பூந்தையும்: பண்டைத் தமிழர் இயற்பெயர்களில் தந்தை

பிசிராந்தையார் என்னும் பெயரைக் கேட்ட அளவில் இரவிற் பறக்கும் ஆந்தையை நினைவார் இன்றும் உளர். வகுப்பறையில் மாணாக்கர் நகைப்பதும் உண்டு. பிசிர் என்பது பாண்டிநாட்டு ஊர். ஆந்தை என்பது ஆதன், தந்தை என்னும் இருசொற்களும் கூடித் திரிந்த வடிவம். இதனை நமக்குக் கூறுபவர் தொல்காப்பியரே ஆவர். மக்கட்பெயர் புணருமாற்றுக்கெனப் புள்ளிமயங்கியலில் அவர் தனியே நூற்பாக்கள் வகுத்தமை, அத்தகைய பெயர்கள் அன்று பெருவழக்காயிருந்தன என்பதற்குத் தக்க சான்றாகும்.

இயற்பெயரை அடுத்துத் தந்தை என்னும் முறைப்பெயர் வருமாயின், தந்தை என்பதன் முதலிலுள்ள தகரமெய் கெட்டு அகரம் நிற்கும். இயற்பெயரின் இறுதியிலுள்ள அன் கெடும். இவ்வாறு கொற்றன் தந்தை கொற்றந்தையாகவும், சாத்தன் தந்தை சாத்தந்தையாகவும் அமையும். ஆதன், பூதன் என்னும் இரண்டும் இன்னும் குறுகி ஆந்தை, பூந்தை என நிற்கும். அடைமொழி பெற்றுப் பெருஞ்சாத்தன் என்றாற்போல வரும்போது இக்கேடு இல்லை. நாள்தோறும் வாயில் வழங்கும் பெயரே தேயும் என்பதை இவ்விதிகளினின்றும் உய்த்துணரலாம். அருகி வழங்கும் பெயர் தேய்வதில்லை.

மகனைக் குறிக்கும் முறையும் ஆங்கே கூறப்படுகின்றது. தந்தை பெயரின் அன் கெட்ட இடத்தில் அம் என்னும் சாரியை நிற்க, மகன் பெயர் தொடரும். சாத்தங்கொற்றன் எனின் சாத்தன் மகன் கொற்றன் என்பது பொருள். இது இலக்கணநூலில் மட்டும் வாழும் வடிவமன்று. மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார் என்னும் புலவர் பெயரைப் பிரித்து நோக்குக: ஊர் மதுரை, தொழில் எழுத்து, தந்தை சேந்தன், இவர் பூதன். அகநானூற்றில் மாற்றூர் கிழார் மகனார் கொற்றங்கொற்றனார் என ஒருவர் காணப்படுகின்றார். கொற்றங்கொற்றன் என்பது கொற்றன் மகன் கொற்றன் எனப் பொருள்படுதலின், மாற்றூர் கிழாரின் இயற்பெயர் கொற்றன் என்பது தானே போதரும். வேறெங்கும் கிடையாத ஒருவர் பெயரை ஒரு சாரியை நமக்கு மீட்டுத் தருகின்றது. புலவர் அகராதி தொகுப்போர் இத்தகைய பெயர்களை ஒரே சொல்லாகக் கொண்டு கடந்து போதல் பெரும் இழப்பு என்பது எம் கருத்து.

இனி இடர்ப்பாடு ஒன்றுண்டு. உரைமரபின்படி கொற்றந்தை என்பது கொற்றனுக்குத் தந்தையைக் குறிக்கும். மகன் பெயரால் தந்தையை அழைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. கணவன் பெயரைக் கூறாத மனைவியர் ‘இன்னான் அப்பா’ என விளிக்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் உள்ளது. ஆயின் எயினந்தை மகனார் இளங்கீரனார் என்னும் பெயரை என்செய்வது? எயினந்தை என்பார் எயினனுக்குத் தந்தை. அவர் மகனோ இளங்கீரன். எயினன் மூத்தவன், கீரன் இளையவன் என இரு மைந்தரைக் கொள்ளலாம்; இளமை அடையும் அதற்கு இசைகின்றது. அன்றேல், அந்தை என்பது முறைப்பொருள் மங்கி, முதியோர்க்குரிய மதிப்புச்சொல்லாய் இயற்பெயரோடு ஒட்டி நின்றது எனல் வேண்டும்.

இரண்டாவது கருத்துக்குக் கல்லிலே துணை கிடைக்கின்றது. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டின என ஐராவதம் மகாதேவன் தம் 2003ஆம் ஆண்டு நூலிற் கொண்டார். அவற்றுள் ஒன்று வெள்ளறை நிகமத்தைச் சேர்ந்த காவிதி ஒருவனைக் குறிக்கின்றது. அங்கே அந்தை என்னும் சொல், புணர்ச்சியில் விளைந்த ஈறாகாமல் அசுதன் என்னும் பெயருக்கு முன்னர்த் தனித்தே நிற்கின்றது. தந்தை என்பதன் தகரம் கெட்டது என்பதினும், அந்தை என்றே ஒரு சொல் உண்டு என்பது இதனால் வலுப்பெறும். தொல்காப்பியர் விதி இதனால் பொய்யாகிவிடாது. அவர் வடிவத்தை விளக்கினார், அவ்வளவே. காவிதி என்னும் சிறப்புப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் அங்கு நிற்றலும் கருதத்தக்கது. சிறப்புப்பெயர்க்கு முன் இயற்பெயரைக் கூறார் என்பது கிளவியாக்க விதி. அதற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகளுள் ‘காவிதி கண்ணந்தை’ என்பதும் ஒன்றாதல் வியப்பன்றோ!

பாடல்களின் அடியில் உள்ள புலவர் பெயர்கள் தொகுத்தோர் எழுதியவை. அவற்றை எங்ஙனம் நம்புவது எனச் சிலர் வினவுவர். தொகுத்தோர் கற்பனையால் இப்பெயர்களை ஆக்கியிருப்பின், கல்வெட்டுகளோடு அவை இத்துணை ஒத்திரா. புகழூர்க் குகையில் கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பான் உளன். தொகைநூலில் மதுரை அறுவைவாணிகன் இளவேட்டனார் உளர். ஊர், தொழில், பெயர் என்னும் வரிசை ஒன்றே. அழகர்மலையில் மதுரைப் பொற்கொல்லன் ஆதன் ஆதன் என்று ஒருவன் குறிக்கப்படுகின்றான். முன்னது தந்தை பெயராயின், கொற்றங்கொற்றனார்க்கு அவன் நேர் இணையாவான். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவிற்று. தந்தையும் மைந்தனும் ஒரே பெயருடையராயிருத்தல் அவ்வழக்கத்தோடு மாறுபடுவதால், இவ்விரு பெயர்களும் மேலும் ஆராயற்பாலன.

தந்தை பெயரை முன்வைத்துத் தன் பெயரைப் பின்வைக்கும் அவ்வரிசையே நம் தலைப்பெழுத்து முறையிலும் உள்ளது. வடிவந்தான் ஓரெழுத்தாகக் குறுகியுள்ளது.