மழைக்காட்டுக் களப்பயிற்சி: கூண்டு கழுவப் பணம் கட்டுவோரும் கூலி பெறுவோரும்

மலேசியாவின் சபா மாநிலத்தில் செபிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. காடழிப்பாலும் வேட்டையாலும் தாயை இழந்த குட்டிகளை வளர்த்து, மீண்டும் காட்டுக்குள் அனுப்புவதே அதன் பணி. பின்னர் போர்னியோவின் பிற பகுதிகளிலும் சுமத்ராவிலும் அமேசான் படுகையிலும் இத்தகைய மையங்கள் தோன்றின. அவற்றில் பல, இன்டர்ன்ஷிப் எனப்படும் களப்பயிற்சிக்கும் தன்னார்வப் பணிக்கும் வெளிநாட்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்த இளைஞர்கள் உழைப்புக்கு ஊதியம் பெறுவதில்லை. உழைப்பதற்காக அவர்களே கட்டணம் செலுத்துகிறார்கள்; விமானச் செலவும் அவர்களுடையதே.

அங்கே அவர்கள் செய்யும் வேலை என்ன? மீட்கப்பட்ட விலங்கு முதலில் தனிமைப்படுத்தப்பட்டு, நோய் உண்டா எனப் பரிசோதிக்கப்படும். பின்னர் சிகிச்சை, உணவு, மரமேறவும் உணவு தேடவும் பழக்குதல், இறுதியில் விடுவிப்பு என்று படிகள் நீளும். மருத்துவம் கால்நடை மருத்துவரின் பொறுப்பு. பயிற்சியாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழம் நறுக்குதல், சாணமும் சிறுநீரும் படிந்த கூண்டுத் தரையைத் தேய்த்துக் கழுவுதல், அழுகிய மிச்சங்களை அள்ளிக் கொட்டுதல், கயிறும் மரப்பலகையும் கட்டுதல். மழைக்காட்டின் ஈரத்தில் இவை எளிய வேலைகள் அல்ல. ஜூனோ சலாசார் பரேன்யாஸ் சரவாக் மாநிலத்து ஒராங்குட்டான் மையங்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட 'டீகாலனைசிங் எக்ஸ்டிங்ஷன்' என்னும் நூல், பணம் கட்டி வந்து இவ்வாறு வியர்வை சிந்தும் வெளிநாட்டினரையும், அதே மையத்தில் குறைந்த கூலிக்கு ஆபத்துகளுக்கிடையே பணிபுரியும் உள்ளூர்த் தொழிலாளரையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது.

இந்தக் காட்சி சாதியச் சமூகத்தில் வாழும் நமக்கு வேறொரு பொருளைத் தருகிறது. மலம் அள்ளுவதும் செத்த விலங்கை அகற்றுவதும் நம் ஊர்களில் பிறப்பின் பெயரால் தலித்துகள்மீது சுமத்தப்பட்டவை. செய்தவரை அவை தீட்டுக்குரியவராக்கின. அவருடைய பிள்ளைக்கும் அதே வேலையை விதித்தன. மறுவாழ்வு மையத்திலோ அதே அசைவுகள், அதே துடைப்பம், அதே நாற்றம் ஒருவருக்குச் சான்றிதழாகவும், பரிந்துரைக் கடிதமாகவும், மேற்படிப்புக்கான தகுதியாகவும் மாறுகின்றன. ஆனால் அந்தக் கூண்டை இருபது ஆண்டுகளாகக் கழுவிவரும் உள்ளூர்த் தொழிலாளிக்கு எந்தச் சான்றிதழும் கிடைப்பதில்லை. சாதியை வேலைப் பகுப்பு என்று நியாயப்படுத்தியவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் மறுமொழி அளித்தபோது, பிரிக்கப்படுவது வேலை செய்யும் மனிதர்களே என்று விளக்கினார். கூண்டு கழுவுவதில் இழிவு எதுவும் இல்லை. கழுவிவிட்டு வெளியேறும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

விலங்குகளின் நலனும் இந்த ஏற்பாட்டில் அடிபடுகிறது. ஒராங்குட்டான் குட்டி ஏழெட்டு ஆண்டுகள் தாயுடனேயே வாழ்ந்து காட்டைக் கற்கும் உயிரினம். சில வாரங்களுக்கு ஒருமுறை மாறும் முகங்கள் அதற்கு நன்மை செய்வதில்லை. மனிதருடன் மிகையாகப் பழகிய விலங்கைக் காட்டில் விடுவது கடினம்; நம் சளியும் இருமலும் பெருங்குரங்குகளுக்கு எளிதில் தொற்றக்கூடியவை. ஆகவே நல்ல மையங்கள் தொடுவதைக் கட்டுப்படுத்துகின்றன. குட்டியை அணைத்தபடி படம் எடுத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்யும் மையம் விற்பது பயிற்சியை அல்ல.

இனி ஆய்வுக் களத்துக்கு வருவோம். மழைக்காட்டு ஆய்வில் நேர்கோட்டுப் பாதைகளில் நடந்து விலங்குகளை எண்ணுதல், தானியங்கிக் கேமரா பொருத்துதல், எந்த மரம் எப்போது பூத்துக் காய்க்கிறது என்று மாதந்தோறும் குறித்தல், கூடுகளைக் கவனித்தல் ஆகியவை பயிற்சியாளரின் அன்றாடம். நம் நாட்டில் இதற்குக் கட்டணம் கேட்பது அரிது. ஆயினும் ஊதியமின்றி, உணவும் தங்குமிடமும் மட்டும் அளித்துச் சேர்ப்பது பரவலான வழக்கம். முதுகலை, முனைவர் பட்ட இடங்களுக்கோ ஆய்வு வேலைகளுக்கோ விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது கள அனுபவம். ஊதியமில்லாத ஆறு மாதத்தைத் தாங்கக்கூடிய வீட்டின் பிள்ளைக்கு அது எளிதாகக் கிடைக்கிறது. தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு அந்த ஆறு மாதம் வீட்டுக்கு வராத ஆறு மாத வருமானம். அட்டைக் கடிக்கான காலுறை, மழையங்கி, ஓரளவு நல்ல பைனாகுலர் என்று செலவு வேறு. தேர்வுக்கோ ஆங்கிலத்தில் ஒரு கடிதமும், துறையில் அறியப்பட்ட இருவரின் பரிந்துரையும் வேண்டும். விண்ணப்பத்தில் சாதியைக் கேட்கும் கட்டம் இல்லை. தேவையும் இல்லை.

கல்லூரிச் சேர்க்கையில் இடஒதுக்கீடு உண்டு. அரசு வேலையிலும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பயிற்சிக் காலம் தொண்டு நிறுவனங்களிடமும் தனி ஆய்வாளர்களிடமும் இருப்பதால் எந்த ஒதுக்கீட்டுக்கும் கட்டுப்படுவதில்லை. மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை, சேர்ந்து படிக்கும் படிப்புக்கானது. மாணவர் தாமே தேடிக்கொள்ளும் களப்பயிற்சிக்கு அதில் வழியில்லை. ஊதியமற்ற உழைப்பு காட்டுயிர்த் துறையையே சீரழிக்கிறது என்று ஆரியல் ஃபூர்னியரும் அலெக்சாண்டர் பாண்டும் 2015இல் அமெரிக்க இதழ் ஒன்றில் வாதிட்டனர். அவர்கள் பேசியது வட அமெரிக்காவைப் பற்றி. இங்கே அதன் மேல் சாதியும் சேர்கிறது.

வால்பாறையை எடுத்துக்கொள்வோம். ஆனைமலையின் அந்தப் பீடபூமியில் 1890களில் தொடங்கி மழைக்காடு வெட்டப்பட்டுத் தேயிலையும் காப்பியும் நடப்பட்டன. மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துச் சமவெளியிலிருந்து அழைத்துச் சென்ற தொழிலாளரில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்கள் பட்ட கொடுமையை பி.எச். டேனியல் 'ரெட் டீ' நாவலாக 1969இல் வெளியிட்டார். இன்று அதே தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் சிங்கவால் குரங்கையும் இருவாச்சியையும் ஆராய்கிறார்கள். சில இடங்களில் நாட்டு மரக் கன்றுகளை நட்டுக் காட்டை மீட்டுருவாக்குகிறார்கள். அவசியமான, பாராட்டத்தக்க பணி. எனினும் காட்டை வெட்ட வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அக்காட்டை ஆராயும் நிலைக்கு எப்போது வருவார்கள் என்ற கேள்வியை அங்கே கேட்காமல் இருக்க முடியாது.

பழங்குடிகளின் நிலை இன்னும் கூர்மையானது. பெரிய இருவாச்சியின் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஆண் பறவை பழங்களைக் கொண்டுவந்து அந்தப் பிளவின் வழியே ஊட்டும். எந்த மரத்தில் பொந்து, எந்த ஆண்டு எது கைவிடப்பட்டது என்பதைக் காடர்கள் அறிவார்கள். கேரளத்தின் வாழச்சாலில், முன்பு இருவாச்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்துவந்த காடர்களே பின்னர் கூடுகளின் காவலர்களாகவும் கண்காணிப்பாளர்களாகவும் பொறுப்பேற்றனர். பொதுவாக நடப்பது என்னவென்றால், காட்டைக் காட்டிக்கொடுப்பவர் தினக்கூலி பெறும் 'கள உதவியாளர்'. அவர் காட்டிய கூட்டின்முன் அமர்ந்து நேரம் குறித்தவர் 'பயிற்சியாளர்'. கட்டுரை வெளியாகும்போது முதலாமவர் கடைசிப் பக்க நன்றியுரையில் ஒரு பெயர். சில வேளைகளில் பெயரும் இல்லை, 'உள்ளூர் மக்கள்' என்ற சொல் மட்டும்.

வேறு வழி இல்லையா என்றால், முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒன்று தொடங்கப்பட்டுவிட்டது. கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்தே காப்புப் பகுதியில் டேனியல் ஜான்சனும் வினிஃப்ரெட் ஹால்வாக்ஸும் பிறரும் 1989 முதல் சுற்றுவட்டாரக் கிராமத்தவரைப் பூச்சியியல் களப்பணிக்குப் பயிற்றினர். கல்லூரி வாசல் மிதிக்காதவர்கள் பலர். இது சில வாரப் பயிற்சி அல்ல. மாதச் சம்பளமுள்ள முழுநேர வேலை. கம்பளிப்புழுக்களை வளர்த்து, அவற்றிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சிகளையும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் பல ஆண்டுகள் பதிவுசெய்தவர்கள் அவர்கள். 2014இல் அறிவியலுக்குப் புதிதாக விவரிக்கப்பட்ட அப்பான்டெலிஸ் குளவி இனங்களில் பல, அங்குப் பணிபுரிவோரின் பெயர்களையே தாங்குகின்றன. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஆய்வு நடத்தும் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனமும் உதவித்தொகையுடன் கூடிய பயிற்சி இடங்களை அளிக்கிறது.

சிறு அமைப்புகளிடம் பணமில்லை என்ற மறுமொழி வரும். அது பல இடங்களில் உண்மையே. அப்படியானால் பத்துப் பேரை ஊதியமின்றிச் சேர்ப்பதைவிட இருவரை ஊதியத்துடன் சேர்க்கலாம். நிதி கேட்கும்போதே கேமராக்களின் விலையுடன் பயிற்சியாளர் ஊதியத்தையும் எழுதலாம். விண்ணப்பத்தைத் தமிழிலோ மலையாளத்திலோ கன்னடத்திலோ ஏற்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் விடுதிகளின் அறிவிப்புப் பலகைவரை அறிவிப்பைக் கொண்டுசேர்க்கலாம். விண்ணப்பிக்க எண்ணும் மாணவர்களும் தயங்காமல் கேட்க வேண்டியவை உண்டு: உதவித்தொகை எவ்வளவு, விபத்துக்கும் பாம்புக்கடிக்கும் காப்பீடு யாருடையது, சேகரிக்கும் தரவில் என் பெயர் இருக்குமா, பெண்களுக்கான தங்குமிடமும் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவும் எங்கே.

சட்டம் ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தன் 5ஆம் பிரிவில், காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்கு அளிக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு, தம் காட்டுக்கு வரும் ஆய்வுத் திட்டங்களில் தம் இளைஞர்களுக்கு ஊதியமுள்ள இடம், கட்டுரையில் பெயர், முடிவுகளைத் தம் மொழியில் அறியும் உரிமை ஆகியவற்றைக் கிராமசபைகள் கோரலாம். வாழச்சாலின் ஒன்பது குடியிருப்புகளுக்குச் சமுதாய வன வள உரிமை 2014இல் அங்கீகரிக்கப்பட்டது. ஆய்வுக்கான அனுமதிக் கடிதத்தை இன்றும் வழங்குவது வனத்துறை.