கோப்பை வராத வெற்றி

ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் பிடிக்கும் நம் தெருத் தம்பிகள் அறிய வேண்டிய பெயர் வெண்டல் ஸ்காட். அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலம் டேன்வில் ஊரைச் சேர்ந்த கறுப்பின மெக்கானிக். இரண்டாம் உலகப் போரில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தவர். ஊர் திரும்பியபின் கள்ளச் சாராயம் கடத்த, போலீஸ் காரை மிஞ்சும்படி காரின் வேகத்தைக் கூட்டினார். அந்தக் கைவேலைதான் அவரைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது.

வெள்ளை ஓட்டுநர்கள் பலருக்குக் கம்பெனிகள் கார் கொடுத்தன. இவருக்குக் கொடுப்பாரில்லை. பிறர் ஓட்டிய காரை வாங்கி, பழைய உதிரிபாகங்களைக் கோத்து, மகன்களையே உதவிக்கு வைத்துக்கொண்டு ஓட்டினார்.

1963 டிசம்பர் 1. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். 34ஆம் எண் செவர்லே இரண்டு சுற்று முன்னால் நின்றது. ஆனாலும் கோப்பை, பின்னால் வந்த பக் பேக்கருக்கே போனது. கூட்டம் கலைந்து மணிக்கணக்கான பிறகு, சுற்றுகளை எண்ணியதில் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். எண்ணத் தெரியாதவர்களா அவர்கள்? வெள்ளைப் பெண்ணின் கையால் கறுப்பருக்குக் கோப்பை கொடுப்பதைத் தவிர்க்கத்தான் இப்படிச் செய்தார்கள் என்று ஸ்காட் நம்பினார். பரிசுப் பணம் வந்தது, கோப்பை வரவில்லை.

1990இல் அவர் இறந்தார். நாஸ்கார் அமைப்பு அந்தக் கோப்பையை அவர் குடும்பத்தாரிடம் கொடுத்தது 2021 ஆகஸ்டில்தான்.