கருவிக்குக் குளிர்ச்சி, கைக்கு எச்சரிக்கை

புனே அருகே போசரியிலும், பெங்களூரு பீன்யாவிலும் லேத், மில்லிங், டிரில்லிங் வேலை செய்யும் நம்மவர்கள் பலர். வார விடுமுறைக்கு மறுநாள் அவர்கள் கழற்றிப் போடும் சட்டையில் சில சமயம் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பட்டறையில் கூலன்ட் கெட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இரும்பை வெட்டும்போது கருவியின் முனை கடுமையாகச் சூடேறும். அங்கே தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினால் 30 முதல் 40 சதவீதம் கூடுதல் வேகத்தில் வெட்டலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் 1880-களிலேயே கண்டறிந்தார். வெறும் தண்ணீர் துருவை உண்டாக்கும். ஆகவே தண்ணீரில் கலக்கும் எண்ணெயைச் சேர்த்து, பால் போன்ற திரவமாக்கிப் பயன்படுத்துகிறோம். பொதுவாக 20 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு எண்ணெய். எண்ணெயைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் திரிந்துபோகும்.

எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் உலர்வாகவே வெட்டுவார்கள். அதிலுள்ள கிராஃபைட்டே மசகாக உதவும். பிளாஸ்டிக் சூட்டை எளிதில் கடத்தாது. உருகிக் கருவியில் ஒட்டும். அதற்குக் காற்று ஊதினாலே பெரும்பாலும் போதும். கண்ணாடி அணிவது அவசியம். அக்ரிலிக், பாலிகார்பனேட் மீது கண்ட எண்ணெயை ஊற்றினால் பின்னர் விரிசல் விடலாம். பி.வி.சி. கருகும் புகையில் அமிலம் உண்டு. மக்னீசியச் சீவல் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஹைட்ரஜன் வாயு உண்டாகித் தீ பெருகும்.

இனி அந்த நாற்றத்துக்கு வருவோம். விடுமுறையில் பம்பு நின்றதும் இயந்திர எண்ணெய் மேலே மிதந்து காற்றைத் தடுக்கும். காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அடியில் பெருகும். மிதக்கும் எண்ணெயை அன்றாடம் எடுப்பதும், தொட்டியை அவ்வப்போது கழுவிப் புதுக் கலவை நிரப்புவதும் நல்லது. வெற்றிலை எச்சிலோ டீ மிச்சமோ தொட்டியில் விழக் கூடாது.

கைகளில் அரிப்பும் வெடிப்பும் கண்டால் அலட்சியம் வேண்டாம். மண்ணெண்ணெயில் கை கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது தோலின் இயற்கை எண்ணெயையும் உரித்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, தேங்காய் எண்ணெய் தடவலாம். சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறை ஆகாது. துணி சிக்கினால் கையும் போகும். எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையில் வைக்காதீர்கள். சரியாகச் சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய் ஆண்டுக்கணக்கில் தோலில் பட்டால் புற்றுநோய் வரக்கூடும்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் இரண்டு வேலை உண்டு. பட்டறை உடுப்பைக் குழந்தைகள் துணியோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். கூலன்ட் பனிபோலப் பறந்து மூச்சில் கலப்பதால் ஆஸ்துமாவும் வரலாம். விடுமுறையில் குறைந்து, வேலைக்குப் போனதும் திரும்பும் இருமலைக் கவனியுங்கள். மருத்துவரிடம் இருமலை மட்டும் சொல்லாமல், செய்யும் வேலையையும் சொல்லுங்கள்.