5 பேர் போய் 3 பதக்கம் கொண்டுவந்த நாடு எது தெரியுமா?

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 5. வெண்கலத்துக்கான மல்யுத்தத்தில் நம் தீபக் பூனியா 2-1 என்று முன்னிலை. முடிய இன்னும் சில நொடிகள்தான்! அதற்குள் எதிராளி அவரைச் சாய்த்து 2 புள்ளிகளைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். நம் தரப்பின் முறையீடும் எடுபடாமல் போக, இன்னொரு புள்ளியும் அவருக்கே. 4-2!

அந்த எதிராளி எந்த நாட்டுக்காக ஆடினார் தெரியுமா? சான் மரினோ! நாலாபுறமும் இத்தாலி சூழ்ந்த, வெறும் 61 சதுர கிலோமீட்டர் நாடு. மக்கள் தொகை சுமார் 34 ஆயிரம். ஒலிம்பிக் பதக்கம் வென்ற நாடுகளிலேயே மக்கள் தொகையில் மிகச் சிறியது இதுதான்!

ஜெயித்த மைல்ஸ் அமின் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவின் மிச்சிகனில். தாய்வழியில் சான் மரினோ வம்சம். அவருடைய தாத்தா 1960 ரோம் ஒலிம்பிக்கில் லெபனானுக்காக மல்யுத்தம் செய்தவர். சான் மரினோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதும் அதே ரோமில்தான். என்ன பொருத்தம் பாருங்கள்!

அந்த 1960-க்குப் பிறகு 61 வருஷம் ஒரு பதக்கம்கூடக் கிடையாது. டோக்கியோவுக்குப் போனவர்களோ ஐந்தே பேர். எட்டே நாளில் மூன்று பதக்கம்!

முதல் பதக்கம் அலெஸாண்ட்ரா பெரில்லியுடையது. அவர் ஆடுவது ட்ராப் துப்பாக்கி சுடுதல். வீராங்கனை குரல் கொடுத்ததும், 15 மீட்டர் முன்னாலுள்ள பள்ளத்திலிருந்து உள்ளங்கை அகலத் தட்டு ஒன்று சீறிக் கிளம்பும். இடமா வலமா, எந்தப் பக்கம் பறக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. கண்ணிமைக்கும் நேரத்தில் சுட்டு நொறுக்க வேண்டும்!

2012 லண்டனில் இதே பெரில்லி உட்பட மூன்று பேர் 93 புள்ளிகளில் சமநிலை. இருந்ததோ இரண்டு பதக்கம். டை-பிரேக்கில் நான்காமிடத்துக்குத் தள்ளப்பட்டது பெரில்லி! ஒன்பது வருஷம் அந்த வலியைச் சுமந்துகொண்டு பயிற்சியை விடாமல் தொடர்ந்திருக்கிறார் என்றால், அந்த மனவுறுதியை என்னவென்று சொல்ல!

டோக்கியோவில் ஜூலை 29 அன்று வெண்கலம். நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம்! அதோடு நிற்கவில்லை. இரண்டே நாளில் ஜான் மார்கோ பெர்ட்டியுடன் கலப்பு இரட்டையர் இறுதிப்போட்டி; எதிரே ஸ்பெயின். முடிவு 41-40. தங்கம் கைநழுவியது ஒரே ஒரு தட்டில்!