வல்லப்பட்டைக்கு வந்த விலை

கல்முனைக் கடைவீதியில் அத்தர்ப் புட்டிகள் அடுக்கிய கடையைக் கடக்கையில் வீசும் நறுமணத்தை நம் வாசகர் யாவரும் அறிவர். அத்தகைய வாசனைப் பொருள்களுள் விலையால் தலைசிறந்தது, அரபு மக்கள் 'ஊத்' என்று போற்றும் அகில். பண்டைத் தமிழ் மகளிர் கூந்தலுக்குப் புகையூட்டியதும், சித்த மருத்துவர் மருந்திற் சேர்ப்பதும் இதுவே. ஆயினும் அம்மணம் மரத்திற்கு இயல்பானதன்று, நோயினால் வருவது என்பதை அறிந்தோர் சிலரே.

நலமாக நிற்கும் அகில் மரத்தின் கட்டை வெண்மையானது, பாரமற்றது, மணமும் அற்றது. கிளை முறிந்தோ, வண்டு துளைத்தோ உண்டான காயத்தின் வழியே பங்கசு, அதாவது நம் வீட்டார் கூறும் பூஞ்சணம், உட்புகுகின்றது. அதனை எதிர்க்கும் மரம் ஒருவகைப் பிசினைச் சுரக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்விடம் கறுத்து, கனத்து, மணம் பெறுகின்றது. பிசின் மிகுந்த துண்டு நீரில் அமிழ்ந்துவிடும். சீனர் இதற்கு இட்ட பெயரே 'அமிழும் நறுமணம்' என்பதாகும். உயர்ந்த ரகம் கிலோ ஒன்று பல்லாயிரம் டொலர் பெறும்.

இம்மரத்தின் உறவினம் ஒன்று நம் இலங்கையிலும் உண்டு. சிங்கள மக்கள் 'வல்லா பட்டா' என்பர். நம் பத்திரிகைகள் வல்லப்பட்டை என எழுதுகின்றன. இரத்தினபுரி, களுத்துறை, காலி முதலிய ஈரவலயப் பகுதிகளில் வளர்வது. நம் அம்பாறைக் கரையின் வரண்ட மண்ணுக்கு உரியதன்று. பட்டையை உரித்துக் கயிறாகக் கொள்வதற்கன்றி அதனை எவரும் பெரிதாக மதித்ததில்லை. 2012ஆம் ஆண்டளவில், பயணிகளின் பொதிகளில் இதன் துண்டுகளைச் சுங்கப் பகுதியினர் கைப்பற்றத் தொடங்கிய பின்னரே நாடு விழித்தது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, இதன் பிசின் வெளிநாட்டு அகிற்பிசினை ஒத்ததே என்று கண்டனர். வேடிக்கை யாதெனில், அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2005 முதலே இவ்வினம் முழுவதையும் தன் இரண்டாம் அட்டவணையிற் சேர்த்திருந்தது. உலகம் காவலிட்ட பொருளின் பெறுமதியை உரியவர் ஏழாண்டு கழித்தே உணர்ந்தனர்!

எல்லா மரங்களிலும் பிசின் இராது. வெளியே நின்று பார்த்து அறிவதும் எளிதன்று. ஆகவே, களவாக வெட்டுவோர் தறித்துப் பார்த்தே தெரிந்துகொள்கின்றனர். உள்ளே ஒன்றுமில்லாத இளமரங்களும் வீணே சாய்கின்றன. அனுமதியின்றி வெட்டுவதும் கொண்டுசெல்வதும் குற்றமாகும். பிடிபடுவோரோ பெரும்பாலும் சிறு கூலிக்கு வெட்டியவரும் பொதி சுமந்தவருமே. கடலுக்கு அப்பால் இருந்து வாங்குபவர் அல்லர். தொழில் நாடி மத்திய கிழக்கிற்குச் செல்வோர் மிகுந்த நம் ஊர்களில், "இந்தப் பொதியையும் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று எவரேனும் நீட்டினால், அதனை அவிழ்த்துப் பாராமல் வாங்கலாகாது.

இப்பொழுது வெளிநாட்டு அகிற்கன்றுகளைத் தோட்டங்களில் வளர்க்கும் நிறுவனங்களும் இந்நாட்டில் உள்ளன. மரம் பருத்தபின் தண்டில் துளையிட்டு, பங்கசை அவர்களே உட்செலுத்துகின்றனர். காட்டில் தற்செயலாய் வரும் நோயை இங்கே கூலி கொடுத்து வரவழைக்கின்றார்கள்.